தரவு மாறிகளும் அவற்றின் விளக்கமும்

ஷா ஆலமில் புள்ளியியல் பயிலும் மாணவன் நான். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 2021ஆம் ஆண்டு சிலாங்கூரில் நிகழ்ந்த கோவிட்-19 மரணங்கள். "வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

நம் சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் கோவிட் தரவுகளை யாவரும் எடுத்தாளும் வகையில் கிட்ஹப் தளத்தில் வெளியிடத் தொடங்கியது. மாநில வாரியான மரணக் கோப்பைத் திறந்தால், முதல் வரியில் டெத்ஸ்_நியூ, டெத்ஸ்_பிஐடி, டெத்ஸ்_நியூ_டிஓடி, டெத்ஸ்_டிஏடி என்று நெடுவரிசைகளின் பெயர்கள் நிற்கும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு மாறி. மாறி ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று எழுதி வைப்பதே விளக்கக் குறிப்பு.

இதைக் கையால் எழுதச் சோம்பல்படுவோருக்குக் கணினி உதவுகிறது. ஸ்டாட்டா மென்பொருளில் 'கோட்புக்' என்று தட்டினாலே போதும். ஆர் மொழியிலும் அதே பெயரில் ஒரு தொகுப்பு உண்டு. பைத்தானில் ஒய்டேட்டா-புரொபைலிங் இருக்கிறது. 2023க்கு முன் அதன் பெயர் பாண்டாஸ்-புரொபைலிங். இவை செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். நெடுவரிசையில் இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்று பார்க்கும். எத்தனை கட்டங்கள் காலி, மிகச் சிறிய மதிப்பு எது, மிகப் பெரியது எது என்று கணக்கிடும். ஸ்டாட்டாவின் கட்டளையைத் தவிர மற்ற இரண்டும் வரைபடமும் போட்டுத் தரும்.

எனக்கும் நொடியில் அழகான அறிக்கை கிடைத்தது. அதில் 'பிஐடி' என்ற மாறிக்கு எதிரே எண்கள் இருந்தன, பொருள் இல்லை. ஆங்கிலத்தில் 'பெட்' என்பதைத்தான் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டி, "மருத்துவமனைப் படுக்கையில் இறந்தோர்" என்று சேர்த்துவிட்டேன். விரிவுரையாளர் அந்த வரியில் விரலை வைத்து, "இதை யார் சொன்னது?" என்றார். நான் விழித்தேன்.

பிஐடி என்றால் 'பிராட் இன் டெட்'. மருத்துவமனைக்குக் கொண்டு வரும்போதே உயிர் பிரிந்திருந்தவர்கள். படுக்கையே கிடைக்காமல் போனவர்களைப் படுக்கையில் கிடத்திவிட்டேன்! கிள்ளானில் என் பெரியப்பா 2021 ஆகஸ்டில் வீட்டிலேயே இறந்தார். பிறகுதான் கோவிட் என்று தெரிந்தது. அவருக்காக எடுத்த தலைப்பில், அவர் இருக்கும் நெடுவரிசையைத்தான் தவறாகப் படித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் எல்லா மாறிகளுக்கும் அமைச்சே தளத்தில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. கணினி அறிக்கை கையில் இருந்ததால் நான் அதைப் படிக்கவில்லை. 'டிஓடி' என்று முடியும் மாறிகள் இறந்த நாளின்படி எண்ணப்பட்டவை; அது இல்லாதவை அறிவிக்கப்பட்ட நாளின்படி. 'டிஏடி' என்பது இறந்த நாளுக்கும் அறிவித்த நாளுக்கும் இடைப்பட்ட நாள்களின் இடைநிலை. 2021 செப்டம்பர் 11 அன்று நாட்டில் 592 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. தேங்கிக் கிடந்த பழைய பதிவுகளும் சேர்ந்த எண் அது. இறந்த நாளின்படி பார்த்தால் எந்த நாளும் அவ்வளவு உயரவில்லை. இரண்டையும் ஒன்றென்று கொண்டால், ஆகஸ்டின் துயரம் செப்டம்பரில் போய் நிற்கும். இரண்டு மாறிகளுமே முழு எண்கள், ஆகவே கணினிக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

இப்போது நான் செய்வது இது. மாறியின் பெயர், பொருள், அந்தப் பொருளை எங்கே படித்தேன் என்ற மூன்றையும் தனிக் கோப்பில் நானே எழுதுகிறேன். நிரல் அதைத் தன் கணக்குகளோடு இணைத்து அச்சிடும். நான் எழுதாத மாறிக்கு "விளக்கம் இல்லை" என்று சிவப்பில் காட்டும். ஊகத்துக்கு இடமில்லை. தரவு புதுப்பிக்கப்படும்போது கணக்குகள் தாமே மாறிவிடும். அந்த வசதிக்காகத் தானியங்கி முறையை நான் விடவில்லை.

இதே கோப்பை எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று: மாநில மாறியில் 16 மதிப்புகள் என்று அறிக்கை சொல்லும். 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கை ஆராய்வதானால் சிலாங்கூரோடு கோலாலம்பூரையும் புத்ராஜெயாவையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்விரண்டையும் சிலாங்கூர் சூழ்ந்திருப்பது அந்த அறிக்கையில் எங்கும் வராது.