பசுங்குடிலுக்கு ஏற்ற மூடுபொருள்

நீலகிரி முதலிய மலைநாடுகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து இளஞ்செடிகளைக் கருக்கிவிடுவதை நாம் அறிவோம். அவற்றைக் காக்கும்பொருட்டு வீட்டுக் கொல்லையிற் பசுங்குடில் அமைக்க விரும்புவோர், அதனை எதனால் மூடுவது என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

கண்ணாடி, பாலித்தீன் தாள், பாலிகார்பனேட் பலகை என்னும் மூன்றும் இதற்கு உதவுவன. கண்ணாடி, வெளிச்சத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கை உள்ளே விடும்; நிலத்தினின்று எழும் வெப்பக்கதிரையோ நேரே வெளியே விடாது. ஆயினும் 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ நிறையுள்ளதாகலின், வலிய சட்டம் வேண்டும். உடைந்து தலைமேல் விழும் அபாயமும் உண்டு. பாலித்தீன் மலிவானது. ஆனால் சாதாரணத் தாள் அக்கதிரைத் தப்பவிடுவதால், மேகமற்ற இரவிற் குடில் விரைவாகக் குளிர்ந்துவிடும்; வெயிலைத் தாங்குமாறு செய்யப்பட்ட தாளும் சில ஆண்டுகளே உழைக்கும். இரட்டைச்சுவர்ப் பாலிகார்பனேட் எளிதில் உடையாது. ஒளியைச் சிறிது குறைப்பினும், இடையில் அடைபட்ட காற்றினால் உஷ்ணத்தைக் காக்கும். காப்புப்பூச்சுள்ள பக்கம் வெயிலை நோக்கவும், குழல்கள் சரிவின் வழியே கீழிறங்கவும் அதனைப் பொருத்துதல் வேண்டும்.

ஆதலின், கூரைக்கு அப்பலகையையும் பக்கச்சுவர்களுக்குக் கண்ணாடியையும் கொள்வதே தக்கதென்பது நம் கருத்து. ஓரிரவின் பனி ஒரு பருவத்தின் உழைப்பை அழிக்கவல்லது. அதன் முன்னர்ப் பகலொளி சற்றுக் குறைவதை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.