வெற்றுக் கிரிட்டை முதலில் பார்

கீழ்பென்னாத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பானை ஓட்டின் கறுப்புப் பூச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கப்போவதாக அம்மா சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வேலூரில் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டு, 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். நம் மண்ணின் சூளை வேலை அது; நீ அதில் கைவைக்கிறாய்.

ஆனால் ஒன்றை மறக்காதே. சாம்பிளைத் தாங்கும் 3 மில்லிமீட்டர் செப்புக் கிரிட்டின் மேல் இருப்பதும் கார்பன் படலம்தான். கார்பனைத் தேடுகிறவள் கார்பன் மேலேயே பொடியை வைத்தால், தெரிவது எது என்று எப்படிச் சொல்வாய்? அதனால் வலைக்கண் போல ஓட்டைகள் உள்ள படலத்தைக் கேட்டு வாங்கு. ஓட்டைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கை மட்டும் படமெடு. அதற்கும் முன்னால், அதே டப்பாவிலிருந்து ஒரு வெற்றுக் கிரிட்டில் வெறும் எத்தனால் சொட்டு விட்டு, உலர்த்திப் பார்த்துப் படங்களைச் சேர்த்து வை. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் இதை விடாதே.

படலத்துக் கார்பனில் ஒழுங்கு இருக்காது. பலசுவர்க் குழாயின் சுவர்களோ சுமார் 0.34 நானோமீட்டர் இடைவெளியில் கோடுகோடாகத் தெரியும். ஆனால் கிராஃபைட் அடுக்குக்கும் அதே இடைவெளிதான். ஆகவே கோட்டை மட்டும் நம்பாமல் குழாயின் உள்வெளியையும் தேடு. ராமன் நிறமாலையும் எடுத்துவிடு.

பூச்சைச் சுரண்டி, அகேட் கலுவத்தில் அரைத்து, எத்தனாலில் போட்டு சோனிகேட்டரில் வை. கனத்த துகள் அடியில் படியட்டும். மேலே தெளிந்ததில் ஒரே ஒரு சொட்டு எடு. அது லேசாகப் புகை படிந்தாற்போல இருந்தால் போதும். கறுப்பாக இருந்தால் பொடி அதிகம், துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து எதுவும் ஊடுருவாது. கிரிட்டின் விளிம்பைத் தவிர வேறெங்கும் ட்வீசர் படக்கூடாது. படலம் கிழிந்தால் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறியின் கீழ் உலர்த்தாதே, மூடி வை. எக்ஸ்-கதிர் நிறமாலையில் செம்பு தெரிந்தால், முதலில் கிரிட்டைச் சந்தேகப்படு.

200 கிலோவோல்ட்டில் ஒரே இடத்தில் கதிரை நிறுத்தினால் குழாயின் அணுக்களே சிதறிப் பறக்கும். 80-இல் பார்க்க முடியுமா என்று ஆபரேட்டரிடம் கேள். முடியாதென்றால், குவியப்படுத்துவதைப் பக்கத்து இடத்தில் முடித்துக்கொண்டு, தேடிய துணுக்கின் மேல் கதிர் வந்தவுடன் படமெடு.

வெற்றுக் கிரிட்டின் படங்களை எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா