தறியை விட்டு இறங்கும் முன்

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயதை 2021-இல் 60 ஆக்கினார்கள். ஆரணிப் பட்டுத் தறிக்காரருக்கு அப்படி யாரும் நாள் குறித்துத் தருவதில்லை. ஐம்பதை நெருங்கும்போதே ‘போதும், இறங்கிடலாம்’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த முடிவைப் பல வீடுகளில் எடுக்கவைப்பது கணக்கு அல்ல, காதில் விழுந்த பேச்சு.

‘கண்ணு போயிடுச்சு. கண்ணாடி போட்டா இன்னும் கெட்டுடும்.’

அதிகம் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். பாவு இழை ஒன்று அறுந்தால் அதை விழுதின் கண்ணில் கோத்து, அச்சில் வாங்கி, முடிச்சுப் போட வேண்டும். நாற்பதுக்கு மேல் முதலில் தடுமாறுவது இந்த வேலையில்தான். செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிடலாம். தறியைத் தள்ளி வைக்க முடியுமா? இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் உள்ள லென்ஸ் வயதோடு இறுகுவதால் வருகிறது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அது இறுகத்தான் செய்யும்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்களின் வேலைத்திறன், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கும் வேலையிலேயே இவ்வளவு என்றால், இழை எண்ணும் வேலைக்குக் கேட்கவே வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: தறியில் உட்கார்ந்தபடி கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். படிக்கும் தூரத்துக்குப் போட்ட கண்ணாடி தறிக்கு ஒத்துவராமல் போகலாம். புரை விழுந்திருந்தால் அறுவை உண்டு. சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்த்தே ஆக வேண்டும். விழித்திரைக் கோளாறு கண்ணாடிக்கு அடங்காது.

முழங்கால் வலிக்கும் இதே பேச்சுதான். டிசைன் எடுக்கும் ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்குவதற்குப் பதில் மோட்டார் பொருத்திக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. மிதியின் பாரம் பெருமளவு குறையும்.

‘இறங்கினா பென்ஷன் வந்துடும்.’

வராது. அடல் பென்ஷன், பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் ஆகிய அரசுத் திட்டங்கள் இரண்டுமே 60 வயதுக்குப் பிறகுதான் பணம் தரும். இரண்டிலும் 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். 60 வரை கட்டி வரவும் வேண்டும். மான்தனில் 40 வயதில் சேர்பவர் மாதம் 200 ரூபாய் கட்டினால், 60-க்குப் பின் மாதம் 3,000 ரூபாய். ஐம்பதில் இறங்கியவருக்கு நடுவில் பத்து வருடம் கூலியும் இல்லை, பென்ஷனும் இல்லை. தவணை மட்டும் நிற்காது. அந்தப் பத்து வருடத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் இறங்குவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

‘முன்பணம் வாங்கியிருக்கு. நான் இறங்கினா பையன் உட்காரணும்.’

முன்பணம் கடன்தான். ஆனால் அதற்காக ஒருவரையோ அவர் பிள்ளையையோ வேலைக்குக் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. பையன் தறியில் உட்காருவதானால் அது அவன் விருப்பமாக இருக்கட்டும்.

‘இறங்குறது அவர் ஒருத்தர்தானே.’

தார் சுற்றுவதும் பாவு பிணைக்க உதவுவதும் பெரும்பாலும் மனைவி. நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆனாலும் கூலி ஒரு கையில்தான் விழுகிறது. தறி நின்றால் மனைவியின் வேலையும் அன்றே நிற்கிறது. அவர் பெயரில் ஒரு சேமிப்பும் இருப்பதில்லை. முடிவெடுக்கும் பேச்சில் அவரை உட்காரவைக்காத வீடுகளே அதிகம். மான்தன் திட்டத்தில் கணவர் சேர்ந்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. கணவர் வயது தாண்டியிருந்தாலும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ள, நாற்பதைத் தாண்டாத மனைவி ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்குப் போனால், தன் பெயரிலேயே சேரலாம்.