மகஜர் கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்திற்கு முன்னால் ஒய்.பி.க்களை, அதாவது நம் மக்கள் பிரதிநிதிகளை, பார்த்து மனித வணிகத்துக்கு எதிராக மகஜர் கொடுக்கப் போகிறோம், யாருக்கும் பழக்கமில்லை, நீங்கள் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்தில் 19 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவள் நான். மகஜரோடு வருகிறவர்களை உட்காரவைப்பதும், அவர்கள் போன பிறகு அந்தக் காகிதத்துக்கு என்ன கதி என்று பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள். தமிழில் நாம் எல்லாவற்றையும் ஆள்கடத்தல் என்றே சொல்லிவிடுகிறோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஆள்கடத்தல். காசு வாங்கிக்கொண்டு எல்லையில் ஆளை உள்ளே விட்டாலும் ஆள்கடத்தல். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் சமையல்கட்டில் வேலை வாங்கினாலும் ஆள்கடத்தல். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2007-இல் வந்த 670-ஆம் சட்டம் ஆளை விற்று வாங்கிச் சுரண்டுவதைப் பற்றியது. திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பது அதில் 2010-இல்தான் தனிக் குற்றமாகச் சேர்ந்தது. ஒரே மனிதர் எந்தச் சொல்லுக்குள் வருகிறார் என்பதைப் பொறுத்துக் காப்பகத்துக்குப் போகிறார், அல்லது குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்குப் போகிறார். ஆகவே உங்கள் வாயிலிருந்து வருகிற சொல் துல்லியமாக இருக்கட்டும். மனித வணிகம் என்றே சொல்லுங்கள். மலாயில் பேசும்போது பெமெர்டாகாங்கான் ஓராங் என்று சொல்லுங்கள். மனித வணிகத்தையும் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பதையும் குழப்பினால், பேச்சு சட்டவிரோதக் குடியேறிகள் பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. "அவனாக விரும்பித்தானே வந்தான்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நல்ல மனம் உள்ளவர்களே கேட்பார்கள். கோபப்படாதீர்கள், பதிலோடு போங்கள்.

நம் கொள்ளுத் தாத்தாக்களும் விரும்பித்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கைநாட்டு வைத்தார்கள், கப்பலேறினார்கள், பினாங்கில் இறங்கினார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கப்பல் செலவு முழுவதும் தங்கள் தலையில் கடனாக எழுதப்பட்டிருப்பதும், அது தீரும்வரை தோட்டத்தை விட்டு நகரமுடியாது என்பதும் புரிந்தது. ஓடினால் சிறை. அவர்களைச் சஞ்சிக் கூலி என்றோம். வாக்குறுதி என்று பொருள்படும் ஜஞ்ஜி என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் சஞ்சியானது. ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் எடுப்பதை 1910-இல் நிறுத்தினார்கள். அப்போதும், விரும்பித்தானே வந்தார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

இன்றைய சட்டமும் அந்தச் சாக்கை ஏற்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் குற்றவாளிக்கு எதிர்வாதமாகாது என்று 670-ஆம் சட்டமே சொல்கிறது. முன்பு வற்புறுத்தலை நிரூபித்தாக வேண்டும் என்ற நிலை இருந்தது. 2022 திருத்தம் அந்த விளக்கத்தை விரித்து, மனித வணிகத்துக்கு எதிரான 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ நெறிமுறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. ஏமாற்றுவதும், ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வதும் இப்போது கணக்கில் வரும். இதை மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் நல்ல வேலை என்று நம்பிப் போய், மோசடிக் கூடங்களில் கணினி முன்னால் அடைபட்ட மலேசியப் பிள்ளைகளையும் சொல்லுங்கள். அவர்களும் தாங்களாகவே டிக்கெட் எடுத்துப் போனவர்கள்தான்.

3. எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு தட்டுங்கள். பினாங்கில் சட்டமன்றத் தொகுதிகள் 40, நாடாளுமன்றத் தொகுதிகள் 13. தொழிலாளர் சட்டம், குடிநுழைவு, போலீஸ் மூன்றும் கூட்டரசின் கையில். சட்டத்தைத் திருத்துங்கள் என்று லைட் ஸ்ட்ரீட் சட்டமன்றக் கட்டடத்தில் நின்று கேட்டால், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்த வேண்டுகோள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரியது. சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேறு இருக்கிறது: உணவகம், மசாஜ் நிலையம் போன்றவற்றுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றங்கள், அவை மாநிலத்தின் கீழ் வருகின்றன. லைசென்ஸ் சோதனைக்குப் போகிற அதிகாரிக்கு, அங்கே அடைபட்டிருக்கும் தொழிலாளியை அடையாளம் காணத் தெரிகிறதா? அதை அவரிடம் கேளுங்கள்.

4. ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு வேண்டாம்.

ஒருமுறை 14 பேர் வந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள், நெஞ்சு கொதித்து வந்தவர்கள். ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். ஒருவர் ரோஹிங்கியா பற்றி, ஒருவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விடுதிகள் பற்றி, ஒருவர் உலகப் பொருளாதாரம் பற்றி. நாற்பது நிமிடம் ஓடியது. ஒய்.பி. எழுந்து கைகொடுத்து, "கவனிக்கிறோம்" என்றார். அவர்கள் திருப்தியாகப் போனார்கள். நான் கோப்பைத் திறந்து "வேண்டுகோள்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தேடினேன். எதுவும் இல்லை. அந்தக் கோப்பு அலமாரிக்குப் போனது.

செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். இரண்டு உதாரணம் தருகிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 திருத்தத்தின்படி, மீட்கப்பட்டவர்கள் காப்பகத்துக்கு வெளியே போகவும் வேலை பார்க்கவும் அனுமதி பெறலாம். "இதுவரை எத்தனை பேருக்கு அந்த அனுமதி கிடைத்தது, பினாங்கில் எத்தனை பேருக்கு?" என்று உள்துறை அமைச்சரிடம் அவையில் கேள்வி எழுப்பும்படி உங்கள் எம்.பி.யிடம் கேட்கலாம். இன்னொன்று: 1955 வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தபோது, வீட்டு வேலைக்காரர் என்ற பழைய பெயர் வீட்டுப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, வாராந்திர ஓய்வு நாளும் வேலை நேரமும் பேசுகிற பகுதி அவர்களுக்குப் பொருந்தாமலே நின்றது. அந்த விலக்கை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டாய உழைப்பைக் குற்றமாக்கிய 90பி பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான், ஆகவே அரசு ஏற்கெனவே எடுத்துவைத்த அடியின் அடுத்த அடியைத்தான் கேட்கிறோம் என்று சொல்ல உங்களுக்கு இடமிருக்கிறது.

5. பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு, தப்பி வந்த ஒரு பெண்ணை எங்கள் மையத்துக்கு அழைத்து வந்தது. அவளே சொன்னால்தான் மனம் இளகும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "பயப்படாமல் சொல்லும்மா" என்று தண்ணீர் கொடுத்துச் சொல்லவைத்தவள் நான்தான். அறையில் பதினொரு பேர், அவர்களில் ஆறு பேர் ஆண்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாதியில் நிறுத்தினாள். யாரோ கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். அதன் பிறகு அவள் எந்த அலுவலகத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர் இலாகாவுக்குக்கூடப் போகவில்லை. அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கதை வேண்டுமானால் எழுதிக் கொண்டுபோங்கள். அவரிடம் படித்துக் காட்டி அனுமதி பெறுங்கள். பெயர், ஊர், வேலை செய்த கடை, பிள்ளைகளின் எண்ணிக்கை, எதைக் கொண்டு அடையாளம் கண்டுவிட முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். அழவைப்பதற்காக ஒரு வரியும் சேர்க்காதீர்கள்.

6. எழுதுவது எதுவானாலும் நிற்க வேண்டும். தெனகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸை நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் பாட்டைப் பற்றி 1995-இல் ஒரு மகஜர் எழுதினார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996-இல் அவர்மேல் வழக்கு. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஒரு மகஜருக்காகப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். தொழிலாளர்களை நேரில் கண்டு வாங்கிய வாக்குமூலங்கள் அவர் கையில் இருந்தன. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்கள் கொஞ்சமாக இருக்கட்டும், உறுதியாக இருக்கட்டும். வெரிட்டே என்ற அமைப்பு நம் நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் 501 தொழிலாளர்களைக் கண்டு பேசி 2014-இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சொன்னது. பாயான் லெப்பாஸ் இருக்கிற ஊரில் இந்த எண்ணுக்குக் கனம் அதிகம். ஆனால் அது 2014-இன் எண் என்று சொல்லியே சொல்லுங்கள். மனித வணிகம் பற்றி அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் மலேசியா 2021, 2022 இரண்டு ஆண்டும் கடைசி அடுக்கில் இருந்தது, 2024-இல் இரண்டாம் அடுக்குக்கு ஏறியது. இறங்கியதைச் சொல்கிறவர் ஏறியதையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் உங்களை நம்புவார்கள்.

எந்த முதலாளியின் பெயரையும் வெளியே பேசாதீர்கள். அவைக்குள் பேசும் எம்.பி.க்குப் பாதுகாப்பு உண்டு. வாசலில் நிருபரிடம் பேசுகிற உங்களுக்குக் கிடையாது.

7. போவதற்கு முன் உங்கள் சொந்தக்காரர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பணிப்பெண்ணின் பாஸ்போர்ட் அங்கே இருக்கிறதா? "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்" என்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படி வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். முதலில் அதை அவள் கையில் கொடுக்கவையுங்கள். பிறகு ஒய்.பி.யைப் பார்க்கப் போகலாம்.

8. நான்கு பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் சட்டம் தெரிந்தவராக, ஒருவர் எழுத, ஒருவர் அந்தத் தொகுதியிலேயே வாக்களிப்பவராக. அந்த நான்காவது ஆள் இல்லாமல் போகாதீர்கள். மகஜர் மலாயில், ஒரே பக்கம், மூன்று நகல். ஒன்றில் தேதியோடு சாப் குத்தி வாங்குங்கள். சாப் இல்லாத மகஜரைக் கொடுத்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கோலாலம்பூர் நாடாளுமன்றத்துக்குப் போவதானால் ஐ.சி. கட்டாயம், கை மூடிய உடுப்பு, மூடிய சப்பாத்து. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலிலேயே நான்கு மணி நேரம் போல ஆகும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

9. மகஜருக்காக ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே, இன்ன வீட்டில் ஒரு பெண் அடிபடுகிறாள் என்று யாராவது சொன்னால், கூட்டத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நுசா தெங்காரா திமோரிலிருந்து வந்த பணிப்பெண். அக்கம்பக்கத்தார் கவலைப்பட்டுச் சொன்ன தகவல் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தை எட்டியது, அங்கிருந்து போலீசுக்குப் போனது, 10-ஆம் தேதி மீட்டார்கள். மறுநாள் மருத்துவமனையில் இறந்துவிட்டாள். வழக்கு 2022 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போய், முதலாளியின் விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. அந்த அலுவலகம் உடனே அசைந்தது. தகவல்தான் தாமதமாக வந்தது. 999-ஐ அழையுங்கள், அல்லது அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999. நீங்களே போய்க் கதவைத் தட்டி மீட்கப் பார்க்காதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு உள்ளே அவளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

10. திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பதை அதில் மறுபடி எழுதுங்கள். பிறகு நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்டைப் பாருங்கள். அவர் கேள்வி கேட்டாரா? கேட்டிருந்தால் அமைச்சரின் பதிலை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். கேட்கவில்லை என்றாலும் போங்கள். என் மேசையில் மூன்றாம் முறை வந்து நின்றவர்களின் முகம்தான் ஒய்.பி.க்குப் பெயரோடு ஞாபகம் இருந்தது.

11. போவதற்கு முந்தின வாரம் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வாருங்கள். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் ஒய்.பி.யாக உட்கார்கிறேன். விரும்பித்தானே வந்தார்கள் என்று கேட்பேன், நடுவில் தொலைபேசியை எடுப்பேன், பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பேன். நீங்கள் நான்கு பேரும் உங்கள் ஒரே வேண்டுகோளை என்னிடம் கேளுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.