பாதத்தில் அடிக்கும் ஊதல்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் ஓர் ஐயத்தை எழுதிக் கேட்டிருந்தார். அவர் குடியிருப்பது பழைய செங்கல் மாடி வீடு. சன்னல்களை இறுக மூடி, வெப்பமூட்டியை நாள் முழுதும் ஓடவிட்டாலும், கூடத்தில் அமர்ந்தால் பாதத்தில் ஊதல் அடிக்கிறது. எரிவாயுக் கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது. மரத்தில் இலைகூட அசையாத இரவிலும் இதே கதைதான். வெளியே காற்றே வீசாதபோது வீட்டுக்குள் எப்படி வீசும்?

ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள் என்று எழுதினேன். கீழ்த்தளத்தில் வாசற்கதவின் இடுக்கருகேயும் தரைப்பலகைச் சந்துகளருகேயும் புகை உட்புறம் சாய்ந்தது. மாடியிலோ சன்னல் இடுக்கிலும், கூரைப் பரணுக்கு ஏறும் திறப்பின் விளிம்பிலும் புகை வெளியே இழுக்கப்பட்டது. ஒரே வீடு, ஒரே நேரம். கீழே ஒரு திசை, மேலே எதிர்த்திசை!

காரணம் நீங்கள் பாடத்தில் படித்ததுதான். வெப்பத்தால் விரிந்த காற்றுக்கு அடர்த்தி குறைவு. 20 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.20 கிலோகிராம், 5 டிகிரியில் 1.27 கிலோகிராம். எனவே வீட்டுக்குள் நிற்பது இலேசான காற்றுத் தூண். வெளியே நிற்பது கனமான தூண். கனமான காற்று கீழ்ச் சந்துகள் வழியே புகுந்து, சூடான காற்றை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது.

5 மீட்டர் உயரமுள்ள வீட்டில் இவ்வாறு எழும் அழுத்த வேறுபாடு சுமார் 3 பாஸ்கல்தான். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அற்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதில் பாதி கீழே செயற்படுவதாகக் கொண்டாலும், இடுக்கில் காற்றின் வேகம் வினாடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். 80 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 3 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், இடுக்கில் ஓட்டம் குறுகுவதைக் கழித்தும், மணிக்கு 8 கன மீட்டர் காற்று நுழையும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் தேவை. அப்படியானால் 15 டிகிரி உயர்த்த? நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 40 வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக எரிவதற்கு இது சமம். இது ஒரே ஒரு கதவின் கணக்கு. 250 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் காற்று முழுவதும் மணிக்கொரு முறை மாறினால், நாளொன்றுக்கு 30 யூனிட் வெப்பம் வீணாகும்.

எதை முதலில் அடைப்பது? ஊதல் படுவது பாதத்தில் என்பதால் எல்லோரும் கதவடியில் துணியைச் சுருட்டி வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் சமம் அல்லவா? போகும் வழி அடைபட்டால் வரும் காற்றும் குறையும். எனவே பரண் திறப்பைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டவும், முன்னறையில் பயன்படாமல் கிடந்த கணப்பின் புகைபோக்கியை அடைக்கவும் சொன்னேன். (இதற்கென்றே ஊதிப் பெருக்கும் பலூன் அங்கே கடைகளில் கிடைக்கிறது!)

மேல்வழிகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டுவின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பை 1970-களில் ஆராய்ந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார், பரணில் வெப்பக் காப்பு இருந்தும் கணக்குக்கு மிஞ்சிய வெப்பம் அவ்வழியே போவதைக் கண்டனர். சுவர்களுக்குள் மறைந்திருந்த இடைவெளிகள் சூடான காற்றை நேரே பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

நிற்க. மாணவர் அடுத்த கடிதத்தில், ஊதல் பெரிதும் தணிந்தது என்றும், பின்னறையில் எரிவாயுக் கணப்பின் அருகே சுவரில் உள்ள துளைத்தட்டையும் ஒட்டுநாடாவால் மூடப்போவதாகவும் உற்சாகத்துடன் எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரியும் வாயுவுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இறுகப் பற்றிக்கொள்ளும். நம் கொடைக்கானலிலும் உதகையிலும் மூடிய அறையில் அடுப்புக்கரி மூட்டி உறங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளை நாளிதழில் படித்திருப்பீர்கள். அந்தத் துளைத்தட்டு சந்து அன்று, வேண்டுமென்றே வைத்த வழி. கை வைக்காதீர்கள் என்று அன்றே தொலைபேசியில் சொன்னேன். அவர் அதைத் திறந்தே விட்டு, தம் நாற்காலியை மட்டும் எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.