இறங்கக் கற்றல்

நெல்லைக் குறுக்குத்துறையின் கல் மண்டபங்களிலிருந்து பொருநையாற்றில் குதித்து விளையாடும் சிறுவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. கோடையில் நீர் வற்ற, பாறைகள் மேற்பரப்பை நெருங்கிவிடுவதைத்தான் அவர்கள் எண்ணுவதில்லை.

இத்தகைய துணிவை நெறிப்படுத்தும் பயிற்சியே பார்க்கூர். கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் வகுத்த உடற்பயிற்சி முறையில் வேர்கொண்ட இதனைப் பிரான்சின் லிஸ் நகரில் டேவிட் பெல்லும் தோழர்களும் வளர்த்தெடுத்தனர். அவர்தம் தந்தை ரேமோன் பெல், பாரிசில் தீயணைப்பு வீரராகப் பணியாற்றியவர். இதன் முதல் உலக வாகையர் போட்டி 2022இல் டோக்கியோவில் நடைபெற்றது.

திரைப்படங்கள் மாடிவிட்டு மாடி தாவுவதையே காட்டுகின்றன. பயிற்சிக்களத்திலோ முதற்பாடம் தரையிறங்குதல். முன்பாதங்களால் நிலந்தொட்டு, முழங்கால்களை மடக்கி, ஓசையின்றி இறங்க வேண்டும். ஓசை மிகுந்தால் அதிர்ச்சி மூட்டுகளைத் தாக்கியது என்று பொருள். உயரம் கூடினால் ஒரு தோளில் தொடங்கி எதிர்ப்புற இடுப்புவரை சாய்வாக உருண்டெழ வேண்டும். நம் சிலம்ப ஆசான்களும் கம்பைச் சுழற்றக் கற்பிக்குமுன் காலடி வரிசைகளைப் பயிற்றுவர்.

இங்கு இளையோருக்கு இப்பயிற்சியளிக்க மணற்பரப்பும் முழங்காலளவுச் சுவரும் போதும். அச்சுவரிலிருந்து ஓசையின்றி இறங்கத் தெரியாத மாணவரை இடுப்பளவுச் சுவரில் ஏற்றலாகாது. மண்டபத்தின் உச்சியோ, ஆழம் அளந்தறியாத எவருக்கும் உரியதன்று.