தலைக்கவசமும் உடற்காப்பும்: தேர்ந்தெடுக்கும் முறை

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் இன்றியமையாதது என்னும் கருத்துக்கு மருத்துவ அடித்தளம் அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர். 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளான பிரிட்டிஷ் எழுத்தாளர் டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான அவர், தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

வாங்குவோரின் கண் பெரும்பாலும் வெளி ஓட்டின் நிறத்திலேயே நின்றுவிட, மூளையைக் காக்கும் பெரும்பணியோ ஓட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே மறைந்துள்ள பாலிஸ்டைரீன் நுரையைச் சார்ந்திருக்கிறது. தெர்மோகோல் வகையைச் சேர்ந்த, ஆனால் அதைவிடச் செறிவான இந்நுரை, தலை தரையில் மோதும்போது நசுங்கி, வேகம் தணியும் கால அளவைச் சற்றே நீட்டுவதால் மூளையைத் தாக்கும் விசை குறைகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீளாதாகையால், விபத்தைக் கண்ட தலைக்கவசம் வெளியே வெறும் கீறலோடு தப்பியிருந்தாலும் அதை மாற்றிவிடுவதே முறை.

இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்குரிய தரநிர்ணயம் ஐ.எஸ். 4151 ஆகும், 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவை மட்டுமே விற்கப்பட வேண்டும். எனினும் முத்திரை பொருளின் தரத்துக்குச் சான்றேயன்றி, அது குறிப்பிட்ட ஒரு தலைக்குப் பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பிற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பது இந்தப் பொருத்தத்தையே. புருவத்துக்குச் சற்று மேலே தலையின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதற்குரிய அளவை அணிந்து, கடையிலேயே பத்து நிமிடமேனும் நிற்க வேண்டும். கன்னங்கள் இறுக்கமாக அழுந்துவது நல்லது, ஏனெனில் கன்னத் திண்டுகள் நாளடைவில் தளரும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலித்துச் சிவந்தால் அந்த வடிவம் அத்தலைக்கு உரியதன்று. பின்னர் தாடை வாரை மாட்டிக்கொண்டு, பிடரிப் பக்கத்து விளிம்பை மேல்நோக்கித் தள்ளிப் பார்க்கையில் கவசம் முன்புறமாகக் கழன்று வந்தால், அதன் விலை எதுவாயினும் அதை ஒதுக்கிவிடலாம். தாடையை மூடாத வகைகள் காற்றோட்டம் மிக்கவைதாம். ஆயினும் முகம் தரையில் மோதும் விபத்துகளில் தாடைக்கு அவற்றால் பாதுகாப்பில்லை.

மேலங்கியைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் அணிய முடியாத தடித்த தோலங்கி வீட்டு ஆணியிலேயே தொங்கும் என்பதால், தமிழகத்தின் வெப்பத்துக்கு வலைத்துணி அங்கியே ஏற்றது. சாலையில் உராயும்போது அது தோலளவுக்குத் தாங்காது என்பதையும் அறிந்தே அதை வாங்க வேண்டும். தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கான அதிர்வுத் திண்டுகளை ஐரோப்பியத் தரமான ஈ.என். 1621-1 இரு நிலைகளாகப் பிரிக்கிறது: சோதனை மோதலில் உடலுக்குக் கடத்தப்படும் சராசரி விசை முதல் நிலையில் 35 கிலோநியூட்டனையும், இரண்டாம் நிலையில் 20 கிலோநியூட்டனையும் தாண்டலாகாது. முழங்கைத் திண்டைப் பிடித்துத் திருகும்போது அது பக்கவாட்டில் நழுவினால், விழும் நேரத்தில் எந்த நிலைத் திண்டும் பயன்படாது.

கீழே விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது உடலின் இயல்பாதலால், கையுறைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியில் கடினத் தகடும் மணிக்கட்டில் இறுகும் வாரும் வேண்டும். வாரைப் பூட்டியபின் விரல்நுனிகளைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வரும் கையுறை, சாலையிலும் அவ்வாறே உருவிப்போகும்.